ரெக்கார்டு நோட்டும் அப்சர்வேஷன் நோட்டும்

(முதலியார்பேட்டையில் நடைபெற்ற முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போன் பண்ணி, "தம்பி, நீ பம்பு கம்பெனியில டிசைன்ல இருக்கே, பசங்களுக்கு வேலைவாய்ப்பைப் பத்திப் பத்து நிமிஷம் பேசு" என்றார். சரி என்றுதான் சொன்னேன். ஆனால் வேலைவாய்ப்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததைவிட மாணவர்களுக்கு அதிகம் தெரியும். ஆகவே வேறொன்றைப் பேசப்போகிறேன். எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியைப் பற்றி. செயலாளர் மன்னிக்க வேண்டும்.

முதலில் ஒரு கேள்வி. லேபில் நமக்கு இரண்டு நோட்டு உண்டு. ஞாபகம் இருக்கிறதா? அப்சர்வேஷன் நோட்டு, ரெக்கார்டு நோட்டு. மெஷின் பக்கத்தில் நின்று, கையில் எண்ணெய்க் கறையோடு, பென்சிலில் ரீடிங் எழுதுவது அப்சர்வேஷன். பிறகு ஹாஸ்டலில் உட்கார்ந்து, நல்ல கையெழுத்தில், கோடு போட்டு எழுதிக் கையெழுத்து வாங்குவது ரெக்கார்டு. கிராஃப் நேர்கோட்டில் வராவிட்டால் ரெக்கார்டில் ஒரு புள்ளியைக் கொஞ்சம் நகர்த்தியவர்கள் இந்த மண்டபத்தில் யாருமில்லை என்று நம்புகிறேன். (சிரிப்பு)

மதிப்பெண் ரெக்கார்டு நோட்டுக்குத்தான். ஆனால் அன்றைக்கு மெஷின் உண்மையில் என்ன காட்டியது என்று கேட்டால் அப்சர்வேஷன் நோட்டைத்தான் புரட்ட வேண்டும். நாமோ செமஸ்டர் முடிந்ததும் அதைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுகிறோம். நான் சொல்ல வந்தது இதைத்தான். யுத்தத்துக்கும் இரண்டு நோட்டு உண்டு. ராணுவப் பதிவேடு ஒன்று, வீட்டுக்கு வந்த கடிதம் இன்னொன்று.

இது நமக்குப் புதிதல்ல. செங்கம் பக்கத்து நடுகற்களைப் பார்த்திருப்பீர்கள். ஆயிரத்து முந்நூறு, ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முந்தியவை கூட அங்கே இருக்கின்றன. எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய சேவகன், எந்த ஊர்த் தொறுவை மீட்கப்போய்ப் பட்டான் என்று கல்லில் வெட்டியிருக்கும். எல்லைப்புறத்து மாடுபிடிச் சண்டையில் செத்தவனுக்கு எழுதிய சர்வீஸ் ரெக்கார்டு அது. வீட்டைவிட்டுக் கிளம்பும்போது பெண்டாட்டியிடம் என்ன சொல்லிவிட்டுப் போனான் என்பது கல்லில் கிடையாது.

நம் புதுச்சேரிக்காரர்களுக்கு இந்த விஷயம் இன்னும் நன்றாகத் தெரியும். எங்கள் தெருவில் ஒரு 'சொல்தா' தாத்தா இருந்தார். பிரெஞ்சுப் படையில் இந்தோசீனாவுக்குப் போனவர். 1954 மே 7-ம் தேதி தியன் பியன் பூ விழுந்ததை ரேடியோவில் கேட்ட இடத்தை விரலால் தரையில் வரைந்து காட்டுவார். அங்கேயும் வியட்நாமியர் இரண்டு பக்கமும் நின்று சண்டை போட்டார்கள், அண்ணன் இந்தப் பக்கம், தம்பி அந்தப் பக்கம் என்பார். ஜூலை 14 அன்று கடற்கரைச் சாலையில் இருக்கும் போர் நினைவுச் சின்னத்துக்கு மெடல் குத்திக்கொண்டு போவார். அவருடைய படைக் கையேடு, மடிப்புக்கூடக் கலையாமல், துணிப்பையில் இருந்தது. அதுதான் பென்ஷன்! பத்திரமாக வைத்திருந்தார்கள். ஆனால் சைகோனிலிருந்து அவர் பாட்டிக்கு எழுதிய கடிதங்கள்? மழைக்கு ஒழுகிய கூரையோடு போய்விட்டன. ரெக்கார்டு நின்றது, அப்சர்வேஷன் போச்சு.

சில சமயம் தலைகீழாகவும் நடக்கும். முதல் உலகப் போரில் பிரான்ஸ் போர்முனைக்குப் போன இந்தியச் சிப்பாய்களின் கடிதங்களைப் பிரித்துப் படிக்க 1914-ல் ஆங்கிலேயர் ஒரு தணிக்கை அலுவலகம் வைத்தார்கள். சந்தேகத்துக்குரிய பகுதிகளையும் சிப்பாய்களின் மனநிலையைக் காட்டும் பகுதிகளையும் மொழிபெயர்த்து அறிக்கையாக மேலே அனுப்பினார்கள். அந்த அறிக்கைகள் இன்றைக்கும் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அசல் கடிதங்களில் பெரும்பாலானவை கிராமத்து வீடுகளில் அழிந்துவிட்டன. வீட்டில் காத்தது போய், வேவு பார்த்தது மிஞ்சியது.

இப்போது எங்கள் பெட்டிக்கு வருகிறேன்.

என் சித்தப்பா ராணுவத்தில் பொறியியல் பிரிவில் ஹவில்தார். அவருடைய அப்பா, அதாவது என் தாத்தா, இங்கே ரோடியர் மில்லில் வேலை பார்த்தவர். மில் சங்கு ஊதினால்தான் எங்கள் வீட்டில் உலை கொதிக்கும். அந்த மில்லும் 2020-ல் மூடப்பட்டுவிட்டது. சித்தப்பாவை மில்லுக்குள் விடாமல் பட்டாளத்துக்கு அனுப்பினார் தாத்தா. பாலம் கட்டுவார், கண்ணிவெடி எடுப்பார். நான் எஞ்சினியரிங் சேர்ந்தபோது, "நான் கட்டின பாலத்துக்கு டிகிரி கிடையாது, நீ கட்டறதுக்காவது இருக்கட்டும்" என்றார். 2022-ல் காலமானார்.

அவர் இலங்கைக்குப் போனவர் என்பது எங்களுக்குத் தெரியும். அதற்குமேல் ஒன்றும் தெரியாது. கேட்டால் காலைத் தடவிவிட்டு எழுந்து போய்விடுவார்.

மாணவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1987 ஜூலை 29-ம் தேதி கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தம் போட்டார்கள். மறுநாளே இந்திய அமைதிப்படை போய் இறங்க ஆரம்பித்தது. முதலில் மாலை போட்டு வரவேற்றார்கள். அக்டோபரில் அதே படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் சண்டை மூண்டது. அந்த மாதம் 21-ம் தேதி யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நோயாளிகளும் டாக்டர்களும் நர்சுகளும் கொல்லப்பட்டார்கள். துப்பாக்கிச் சண்டையின் நடுவில் நடந்தது என்றது படைத்தரப்பு. உயிர் தப்பிய ஊழியர்கள் வேறு மாதிரி சாட்சி சொன்னார்கள். 1990 மார்ச்சில் கடைசிப் படையும் திரும்பியது. நம் பக்கத்தில் 1,100-க்கும் மேற்பட்ட வீரர்கள் இறந்திருந்தார்கள். சென்னைத் துறைமுகத்தில் வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. அந்தக் காலத்துத் தமிழ்நாட்டில், "நான் அங்கே இருந்தேன்" என்று ஒரு தமிழ்ச் சிப்பாய் டீக்கடையில் உட்கார்ந்து சொல்ல முடியாது. சித்தப்பாவும் சொல்லவில்லை.

காரியம் முடிந்து சித்தி பெட்டியைத் திறந்தார். பென்ஷன் காகிதங்களுக்காகத்தான். டிஸ்சார்ஜ் புத்தகம் இருந்தது. அதற்கடியில் சித்திக்கு அவர் எழுதிய கடிதங்கள், சணலில் கட்டி, நாற்பத்தொன்று. அதற்கும் அடியில் ஒட்டாத ஒரு பழுப்பு உறை. அதன்மேல் எங்களுக்குத் தெரியாத ஒரு கையெழுத்து.

முதலில் ரெக்கார்டைப் பார்ப்போம். 1988-ல் இலங்கை சென்றார். 1989 ஏப்ரலில் வெடியில் இடது காலில் காயம். ஆஸ்பத்திரி. இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். 1991-ல் பணி ஓய்வு. அவ்வளவுதான். ஒரு மனுஷனுடைய மூன்று வருஷம் நாலு வரியில் முடிந்துவிட்டது. குறை சொல்லவில்லை. பதிவேட்டின் வேலை அதுதான். தேதி தவறாது, ஊனத்தின் சதவீதம் தவறாது. அந்த நாலு வரிதான் சித்திக்கு இன்றைக்குச் சோறு போடுகிறது.

இனி அப்சர்வேஷன் நோட்டு. படைவீரர் கடிதத்தில் ஊர் பெயர் எழுதக்கூடாது. சித்தி பதில் எழுதினாலும் படைப்பிரிவு பெயரும் '56 ஏ.பி.ஓ.' என்ற எண்ணும்தான் விலாசம். ஆனாலும் மனுஷன் விடவில்லை. "ரயில் இந்த ஊரோடு வடக்கே போகிறது. பனையும் உண்டு, காடும் உண்டு. குளம்தான் ஊருக்கு ஊர்" என்று எழுதியிருக்கிறார். படத்தை வைத்துப் பார்த்தால் அது வவுனியா. வவுனியா என்றால் எல்லைப்புறம். தெற்கே போனால் சிங்கள ஊர்கள், வடக்கே போனால் வன்னிக் காடு. சண்டை எந்த வருஷம் எப்படி மாறினாலும் சோதனைச் சாவடி அந்த வட்டாரத்தில்தான். பிற்பாடு ஓமந்தை என்று பத்திரிகையில் படித்திருப்பீர்களே, அது அங்கேதான். அந்தப் பக்கம் புலிகள், இந்தப் பக்கம் அரசுப் படை. மருந்துக்கும் அரிசிக்கும் பிணத்துக்கும் அங்கே வரிசையில் நிற்க வேண்டியிருந்தது.

தமிழ் தெரிந்தவர் என்பதால் சோதனைக்குப் போகும்போது சித்தப்பாவைக் கூடக் கூட்டிக்கொண்டு போவார்களாம். ஒரு கடிதத்தில் ஒரு வாத்தியார் வருகிறார். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார். அவர் வீட்டு ரேடியோவை எடுத்துப் போனார்கள். "நாளைக்குத் தந்துடுவாங்க ஐயா" என்று சொன்னது சித்தப்பா. ரேடியோ திரும்பவில்லை. "என் வாயால் சொன்னேன், அந்த முகத்தை இனி எப்படிப் பார்ப்பது" என்று சித்திக்கு எழுதியிருக்கிறார். அடுத்த இரண்டு கடிதத்தில் வாத்தியார் இல்லை. 1989 மார்ச் கடிதத்தில் மறுபடி வருகிறார். வாத்தியாரே தேடி வந்து ஒரு கடிதம் கொடுத்தாராம். மகளுக்கு. மகள் படகில் போய் மண்டபம் முகாமில் இருக்கிறாள், ஊருக்குப் போகும்போது சேர்த்துவிடு என்று. "ரேடியோவைத் தராதவனிடம் கடிதத்தைத் தருகிறார் பார். வேறு யாரும் இல்லை அவருக்கு. லீவில் வரும்போது நானே கொண்டுபோய்க் கொடுப்பேன்."

அடுத்த மாதம் கால் போச்சு என்ற அளவுக்குக் காயம். ரெக்கார்டையும் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் இது தெரிகிறது. தனித்தனியாக வைத்தால் ஒன்றில் வெறும் காயம், மற்றொன்றில் வெறும் வாக்குறுதி.

நான் சித்தியிடம் கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். "கால் ஆறிய பிறகாவது கொடுத்திருக்கலாமே சித்தி? முப்பது வருஷத்துக்கு மேலே பெட்டியில வெச்சிருந்தாரே?" சித்தி ஒன்றும் பேசவில்லை. உறையைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் பென்சிலில், சித்தப்பா கையெழுத்தில்: "ஆள் இல்லை. திருச்சி முகாம் என்கிறார்கள். 4-4-91." உறைக்குள்ளேயே ராமநாதபுரம் பஸ் டிக்கெட் ஒன்று.

தாங்கித் தாங்கி நடந்து மண்டபம் வரை போயிருக்கிறார். ஏன் அடுத்ததாகத் திருச்சிக்குப் போகவில்லை? தேதியைப் பாருங்கள். ஏப்ரல் 1991. மே 21-ம் தேதி ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு இலங்கைத் தமிழர் முகாம்களைச் சுற்றிப் போலீஸ் கண்காணிப்பு. வவுனியாவில் இருந்த ஒரு பட்டாளத்துக்காரர், கையில் அங்கிருந்து வந்த கடிதத்தோடு, முகாம் வாசலில் போய் ஒரு பெண் பெயரைச் சொல்லி விசாரித்தால் என்ன ஆகும்? அவருக்கும் ஆபத்து, அந்தப் பெண்ணுக்கும் ஆபத்து. வைத்துவிட்டார். கிழிக்கவும் மனசு வரவில்லை. பிரித்துப் படிக்கவும் இல்லை. நான் அவரைக் கோபித்துக்கொண்டது தப்பு. அந்தப் பென்சில் வரி இல்லாவிட்டால் அந்தத் தப்போடுதான் நான் இருந்திருப்பேன்.

நான் திருச்சி கொட்டப்பட்டு முகாமுக்குப் போனேன். வயதான ஒரு அம்மா விலாசத்தைப் படித்துவிட்டு, "இவ போயிட்டா தம்பி. கப்பல்ல ஆக்களை அனுப்பினாங்களே, அதிலே" என்றார். 1992 முதல் 1995 வரை அகதிகள் பலர் அப்படித் திரும்பினார்கள். திரும்பிய இடத்தில் மறுபடி யுத்தம். அங்கே நூல் அறுந்துவிட்டது.

இந்த இடத்தில்தான் நம் சங்கம் வருகிறது. 1990-ல் நின்றுபோன வடக்கு ரயில் பாதையை ஓமந்தைக்கு மேலே புதிதாகப் போட்டது நம் நாட்டு இர்கான் நிறுவனம். 2014 அக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கு மறுபடி ரயில் ஓடியது. அந்த வேலையில் நம் கல்லூரி சிவில் சீனியர் ஒருவர் இருந்தார். பெயர் சொல்லக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து முறைக்கிறார். (கைதட்டல்) போன வருஷச் சந்திப்பில் சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்து இலை. பேச்சுவாக்கில் சொன்னேன். வடையைக் கீழே வைத்துவிட்டு, "ஊர் பேர் என்ன சொன்னே?" என்றார். அந்தக் காலத்தில் அவரிடம் வேலை பார்த்த ஒரு தம்பிக்கு அங்கேயே போன் போட்டார். ஒன்பதாம் நாள் பதில் வந்தது. அந்த அம்மா இருக்கிறார். ஓமந்தைக்கு அப்பால் ஒரு ஊரில்.

நான்தான் பேசினேன். விஷயத்தைச் சொன்னதும், "ஆர், இந்தியன் ஆமிக்காரரா?" என்றார். பிறகு ரொம்ப நேரம் சத்தமில்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். அந்த வார்த்தை அவருக்கு என்னென்ன ஞாபகப்படுத்தியிருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? பிறகு, உறையை மட்டும் படம் பிடித்து அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். "அப்பான்ர எழுத்துத்தான் தம்பி" என்று பதில் வந்தது.

வாத்தியார் 1990-ல் இடம்பெயர்ந்து போகும்போது காணாமல் போனவர். அந்த அம்மாவிடம் அவருடைய போட்டோ கிடையாது. வீடு இல்லை, வீட்டில் இருந்த புத்தகங்கள் இல்லை. காணாமல் போனோர் பட்டியல்களில் அப்பா பெயர் இருக்கிறது. செஞ்சிலுவைச் சங்கத்தில் மட்டும் அந்த நாட்டில் பதிவானவர்கள் பதினாறாயிரம் பேருக்கு மேல். 2016-ல் சட்டம் போட்டு அரசும் ஓர் அலுவலகம் அமைத்திருக்கிறது. பட்டியலில் பெயர் ஒரு வரி. கையெழுத்து வேறு.

தபாலில் அனுப்ப மாட்டேன் என்றார் சித்தி. "அவர் கையால கொடுக்கறேன்னு எழுதியிருக்கார். கை போச்சு, நான் இருக்கேன்." நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023-ல் மறுபடி கப்பல் விட்டார்கள் அல்லவா? 2025 ஜூலையில் அதில் போனோம். அறுபத்தைந்து வயதில் முதல் கடல் பயணம், வாந்தி எடுத்தபடியே வந்தார். அந்த வீட்டு வாசலில் இரண்டு பெண்மணிகளும் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கடிதத்தில் என்ன இருந்தது என்று கேட்பீர்கள். அது எங்களுக்கு எழுதியது இல்லை. நாங்கள் எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டோம். திரும்பி வந்தபோது அந்த அம்மா ஒன்று மட்டும் சொன்னார்: "ரேடியோ போன கதையும் எழுதியிருக்கிறார். அந்தப் பெடியன்மேல கோவமில்லையெண்டு எழுதியிருக்கிறார்." சித்தி அப்போதுதான் அழுதார். சித்தப்பா அந்த உறையைப் பிரித்திருந்தால் முப்பது வருஷம் முன்னாலேயே அவருக்கு மன்னிப்புக் கிடைத்திருக்கும். பிரிக்காமல் இருந்ததுதான் அவர் நேர்மை.

நண்பர்களே, இதைக் கதை சொல்வதற்காக மட்டும் சொல்லவில்லை. நம் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெட்டி இருக்கிறது. பர்மா, சைகோன், மலேயா, யாழ்ப்பாணம், கார்கில் என்று. நான் பட்டுத் தெரிந்துகொண்ட சில காரியங்களைச் சொல்லி முடிக்கிறேன்.

கடிதத்தை உறையிலிருந்து பிரித்துத் தனியாக வைக்காதீர்கள். தபால் முத்திரையில்தான் தேதி. செல்லோடேப் ஒட்டாதீர்கள், லாமினேட் பண்ணாதீர்கள், காகிதம் செத்துப்போகும். இரண்டு பக்கமும் படம் எடுங்கள், காலியாக இருந்தாலும் சரி. எனக்குக் கிடைத்த விடை பின்பக்கத்தில்தான் இருந்தது. போட்டோவின் பின்னால் பெயரை மெல்லிய பென்சிலில் எழுதுங்கள், பால்பேனா வேண்டாம்.

படையில் இருந்தவர் வீடு என்றால் சர்வீஸ் நம்பர், பிரிவு, சேர்ந்த தேதி, ஓய்வு தேதி நாலையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். பதிவு அலுவலகத்துக்கு எழுத அது போதும். படைப்பிரிவுகளின் போர் நாட்குறிப்புகளையும் இருபத்தைந்து வருஷம் ஆனால் பரிசீலித்து ஆவணக் காப்பகத்துக்கு மாற்றலாம் என்று 2021 ஜூனில் பாதுகாப்பு அமைச்சகம் கொள்கை வகுத்திருக்கிறது. 1990-ல் முடிந்த விஷயம் இருபத்தைந்தைத் தாண்டி ரொம்ப நாளாகிறது. கேட்பதற்கு ஆள் வேண்டும்.

ஈழத்துத் தமிழர்களைப் பாருங்கள். 1981-ல் யாழ்ப்பாண நூலகத்தைக் கொளுத்தினார்கள். 2005 முதல் 'நூலகம்' என்ற பெயரில் புத்தகம், பத்திரிகை, துண்டுப்பிரசுரம் என்று கிடைத்ததையெல்லாம் இணையத்தில் ஏற்றிக் காப்பாற்றி வருகிறார்கள். எரிந்தவர்களுக்குத் தெரிகிறது, இருப்பவர்களுக்குத் தெரியவில்லை. இதே புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை இருபத்தைந்து வருஷம் நாட்குறிப்பு எழுதியிராவிட்டால், பிரெஞ்சுக்காரர் இங்கிலீஷ்காரர் சண்டையை நாம் அவர்களுடைய ரெக்கார்டு நோட்டில் மட்டும்தான் படித்திருப்போம்.

கடைசியாக ஒன்று. மற்றவர் கடிதத்தை ஊருக்குப் படித்துக் காட்டாதீர்கள். யாருக்கு எழுதியதோ அவரைத் தேடுங்கள். அடுத்த சந்திப்புக்கு வரும்போது உங்கள் பெட்டியிலிருந்து ஒரே ஒரு காகிதம் கொண்டு வாருங்கள். ஸ்கேனர் நான் கொண்டு வருகிறேன். ஊர்ப் பெயர் ஒன்று புரியவில்லை என்றால் பந்தியில் பக்கத்து இலைக்காரரைக் கேளுங்கள். அவருக்குத் தெரிந்திருக்கும்.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டார்கள்.